நான்காம் நடைமேடையில் நான் அழித்த முகவரி

1

சென்ற ஞாயிற்றுக்கிழமையோடு 'சந்திப்பு' மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. மனிதர் போனால் திதி பார்க்கப் பஞ்சாங்கம் இருக்கிறது. இணையப் பக்கம் ஒன்று போய்விட்டால் என்ன செய்வது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. நடைமுறை எழுதப்படாத இடத்தில் நிற்பது எனக்கு எப்போதும் சங்கடம். அதனால் தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓராண்டாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ரயிலேறி லெட்சுமி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறாள். வயது ஐம்பதைத் தொடுகிறது. ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறாள். என் மனைவி மரகதத்துக்கென்று, சோற்றுக்கு மணம் சேர்க்கும் பாண்டான் இலை ஒரு கட்டு கொண்டுவருவாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கணினி முன்னால் நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

"இன்னிக்காச்சும் தொறந்துட்டாங்களா ஐயா?"

நான் தட்டச்சு செய்வேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வரும்: நீங்கள் கேட்ட பக்கம் இங்கே இல்லை. பிழை எண் 404.

"என்னா போட்டிருக்கு?"

"ரிப்பேர் பாக்கறாங்கன்னு போட்டிருக்கு."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பக்கத்தில்தான் அவள் தங்கையின் முகவரி இருந்தது. இருபத்தெட்டு வருடமாகத் தேடிய முகவரி. அது அங்கே தங்காமல் போனதற்கு யார் காரணம் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

2

உங்களில் பலருக்கு இணையம் இன்னும் பத்திரிகையில் படிக்கிற சமாச்சாரமாகவே இருக்கலாம். தொலைபேசிக் கம்பியைக் கணினியோடு இணைத்தால் அது கொஞ்ச நேரம் பூனைச் சண்டை போலக் கத்தும். பிறகு உலகம் திறக்கும். அதுவரை, அதற்குப் பிறகும், வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது. மரகதம் தன் தங்கையோடு பேச வேண்டிய நேரமும் நான் உலகத்தோடு பேச வேண்டிய நேரமும் ஒன்றாகவே அமைந்தன.

கணினி என் மகன் குமரனுடையது. அவன் மெல்பர்னுக்குக் குடிபோனபோது இரண்டு பொருள்களை விட்டுவிட்டுப் போனான்: இந்தக் கணினி, ஒரு டென்னிஸ் மட்டை. எங்களையும் சேர்த்தால் நான்கு. அவன் ஆங்கிலத்தில் இரண்டு வரிக் கடிதம் எழுதுகிறவன். பேரன் தொலைபேசியில் "ஹலோ தாத்தா" என்று சொல்லிவிட்டு, அடுத்த சொல் தெரியாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பான். நானும் பதிலுக்கு மூச்சுவிடுவேன். நிமிடக் கட்டணம் அதற்கும் உண்டு.

ஓய்வுபெற்ற பிறகு காலைகள் நீளமானவை. செய்தித்தாளை இரண்டு முறை படித்தாலும் ஒன்பது மணிதான் ஆகும். அப்படி ஒரு காலையில் 'சந்திப்பு' கண்ணில் பட்டது. கனடாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ராகவன் என்ற விழுப்புரத்து இளைஞர், தன் பல்கலைக்கழகம் கொடுத்த இடத்தில் தனியாளாக நடத்திய தமிழ்ப் பக்கம். ரயில் சந்திப்பில் வளர்ந்தவர் என்பதால் பக்கத்தையே ஒரு ரயில் நிலையமாக அமைத்திருந்தார். முதல் நடைமேடையில் செய்தி, இரண்டாவதில் சமையல், மூன்றாவதில் கவிதை. மூன்றாவதில்தான் கூட்டம் அதிகம். ஏறுகிறவர்கள் உண்டு, இறங்குகிறவர்கள் கிடையாது. நாங்கள் எல்லாரும் பயணிகள். அவர் ஸ்டேஷன் மாஸ்டர். துபாய் காதர், லண்டன் ஜெயா, நியூஜெர்சி நடராஜன் என்று ஊரையே முதலெழுத்தாக வைத்துக்கொண்டு அழைத்துக்கொள்வோம். நான் கோலாலம்பூர் என்பதால் 'கேஎல் சார்'. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துரு வேலை செய்யாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழ் வரும். அதையும் படித்தோம். வேறு யார் எங்களுக்கு எழுதினார்கள்?

நான்காம் நடைமேடை 'தேடுகிறோம்'. பிரிந்துபோனவர்களைப் பற்றி அங்கே எழுதிவைக்கலாம். அதற்குத்தான் நான் பொறுப்பாளனானேன். கேட்டு வாங்கிய பதவி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதவி ஏற்றதும் நான் செய்த முதல் காரியம் விதிமுறை எழுதியது. மொத்தம் பதினொன்று. ஆறாவது: யாரும் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ பொதுவில் எழுதக் கூடாது. தனிப் படிவத்தில் நிரப்பி ஸ்டேஷன் மாஸ்டருக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாள் சரிபார்த்த பிறகு உரியவரிடம் சேர்க்கப்படும். ஒன்பதாவது: அத்தகைய விவரங்களின் நகல் எதையும் யாரும் வைத்திருக்கக் கூடாது.

காரணமில்லாமல் எழுதியதல்ல. அதற்கு முன்பு ஒரு விதவை தன் தொலைபேசி எண்ணை அங்கே போட்டு, ஒரு மாதம் கண்ட கண்டவர்களின் அழைப்பால் அவதிப்பட்டார். விதிமுறைகளைப் படித்துவிட்டு ராகவன், "சார், இது அரசியல் சாசனம் மாதிரி இருக்கு" என்று எழுதினார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

3

லெட்சுமியை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். மாயவரத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவன் நான். கோலாலம்பூரில் கம்பெனிகளின் கோப்புகளைப் பார்க்கும் வேலைக்கு வருவதற்கு முன்னால், பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். தோட்டத்து எழுத்தரை இங்கே கிராணி என்பார்கள். சம்பளப் பதிவு, பிறப்பு, இறப்பு, துரைக்கு மனு, துரையிடமிருந்து மறுப்பு, எல்லாம் என் பேனாவழியேதான் போகும்.

எழுபதாம் ஆண்டு வாக்கில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று வந்தது. நீல அடையாள அட்டை வைத்திருந்தவன் குடிமகன். சிவப்பு அட்டைக்காரன் வெளியாள். எனக்கு நீலம். குடியுரிமைச் சட்டம் வந்ததுமே விண்ணப்பித்துவிட்டேன். எந்தக் கவுண்டர், எந்த முத்திரை என்று தெரிந்தவன். லெட்சுமியின் அப்பா மாணிக்கத்துக்குச் சிவப்பு. அவரிடம் மூன்று முறை சொன்னேன். "பாத்துக்கலாம் கிராணி, நம்மள யாரு வெரட்டப்போறா" என்றார். மூன்றாவது முறை சொன்னதற்குப் பதிலாக நானே எழுதிப் போட்டிருக்கலாம். விண்ணப்பதாரரின் கையெழுத்து இல்லாமல் எப்படி என்று அப்போது தோன்றியது.

பெர்மிட் கிடைக்கவில்லை. மாணிக்கம், அவர் மனைவி, ஒன்பது வயது மாரியாயி மூவரும் கப்பலேற வேண்டும் என்றாயிற்று. மூத்தவள் லெட்சுமிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை லோரி ஓட்டுநர், நீல அட்டை. அவள் இங்கேயே தங்கிவிட்டாள்.

பயண விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அதில் ஒரு கட்டம்: இந்நாட்டில் விட்டுச்செல்லும் குடும்பத்தினர். லெட்சுமியின் பெயரை எழுதினால் திருமணப் பதிவுப் பத்திரம் இணைக்க வேண்டும். கல்யாணம் தோட்டத்துக் கோவிலில் நடந்தது, பத்திரம் கிடையாது. அதை வாங்குவதற்குள் கப்பல் போய்விடும், அடுத்த கப்பல் வரை அவர்கள் எங்கே தங்குவார்கள்? தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. இரண்டு நிமிடம் யோசித்தேன். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கோப்பு ஒரே வாரத்தில் நகர்ந்தது. துரை என்னைப் பாராட்டினார்.

பெரம்பலூர் பக்கத்து ஊரிலிருந்து அவர்களுடைய இரண்டு கடிதம் வந்தது. பிறகு லெட்சுமி எனக்குச் சொல்லி நான் எழுதிய கடிதம், 'இந்த விலாசத்தில் இப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்தது. பிழைக்க எங்கேயோ போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நானும் தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன்.

4

பல ஆண்டு கழித்து, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஒன்றில் என்னைக் கண்டுபிடித்தது அவள்தான். "கிராணி ஐயாதானே?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோலாலம்பூரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான்காம் நடைமேடையைப் பற்றிச் சொன்னேன். பெயர், தோட்டம், கப்பல் போன வருடம், அவள் இடது புருவத்தில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி பட்ட தழும்பு, எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஆங்கில எழுத்துத் தமிழில், திக்கித் திக்கி:

வணக்கம். என் பெயர் செல்வி. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் ரூமில் விடுவார்கள். என் அம்மா பெயர் மாரியாயி. மலேசியாவில் பிறந்தார். தாத்தா பாட்டி இப்போது இல்லை. லெட்சுமி பெரியம்மாவுக்குப் புருவத்தில் தழும்பு உண்டு என்று அம்மா சொல்வார். கப்பல் ஏறும்போது பெரியம்மா கொடுத்த பிஸ்கட் தகரத்தில்தான் எங்கள் ரேஷன் கார்டு இருக்கிறது. எனக்கு ஈமெயில் கிடையாது. எங்கள் விலாசம்...

விலாசம் நாலு வரி இருந்தது. நான் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் படித்தேன்.

பிறகு ஆறாவது விதிமுறை நினைவுக்கு வந்தது.

நண்பருக்குத் தளர்த்தினால் நாளைக்கு எவருக்கும் தளர்த்த வேண்டியிருக்கும். நாற்பது வருடம் மற்றவர்களிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த நாலு வரியையும் அழித்தேன். அந்த இடத்தில், 'ஆறாவது விதிமுறையின்படி முகவரி நீக்கப்பட்டது. தனிப் படிவத்தில் அனுப்பவும். பொறுப்பாளர், நான்காம் நடைமேடை' என்று எழுதினேன். ஒன்பதாவது விதிமுறையின்படி நகல் எடுக்கவில்லை. அதன் பிறகுதான் லெட்சுமிக்குத் தொலைபேசி செய்தேன்.

வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். செல்வியின் செய்தியைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தகரத்தைப் பற்றிய வரி வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அந்த டின்னா! தொரை கிறிஸ்மஸுக்குக் குடுத்தது ஐயா. மூடி ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். ஒழுங்கா மூடாது. அதுலயா ரேஷன் கார்டு வச்சிருக்கா? எறும்பு போவும்லா!"

மரகதம் சிரித்தாள். லெட்சுமியும் சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு தாளின் அடியில் நான் விட்டிருந்த வெற்றிடத்தைத் தொட்டாள்.

"இங்க என்னா?"

"விலாசம். ஏழு நாள்ல வரும். சரிபாக்கணும்."

"அவதான் ஐயா. இதுல என்ன சரிபாக்கறது?"

"ஒரு முறை இருக்கு லெட்சுமி."

"சரி ஐயா," என்றாள். "இருபத்தெட்டு வருசம் இருந்தாச்சு. ஏழு நாளு என்னா."

செல்வி அடுத்த செவ்வாயன்று மறுபடி வந்து படிவத்தை நிரப்பியிருக்கிறாள். 'கிடைத்தது, சரிபார்ப்பில் உள்ளது' என்று பக்கத்தில் தெரிந்தது. ஏழு நாளில் ஐந்து நாள் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு உட்கார்ந்து திறந்தேன். பிழை எண் 404.

5

முதலில் என் கணினியைச் சந்தேகித்தேன். பிறகு தொலைபேசிக் கம்பியை. பிறகு மரகதத்தை.

எல்லாருடைய மின்னஞ்சல் முகவரியும் நியூஜெர்சி நடராஜனிடம் இருந்தது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சேர்த்துவைக்கிறவர். அவர் கடிதம் மதியமே வந்தது: 'உங்களுக்கும் திறக்கவில்லையா?' ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் 'எனக்கும் திறக்கவில்லை' என்று பதில் போட்டார்கள். இருட்டில் ஒரே அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தடவிப் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

இரண்டாம் நாள் காரணங்கள் கிளம்பின. அரசாங்கம் தடுத்துவிட்டது என்றார் ஒருவர். எந்த அரசாங்கம் என்பதில் அவருக்கே தெளிவில்லை. மூன்றாம் நடைமேடையில் தன் கவிதையை வெட்டியதற்குப் பழிவாங்க யாரோ உடைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கவிஞர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார்கள். ராகவனிடமிருந்து சத்தமே இல்லை. அவருடைய மின்னஞ்சலும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. எழுதியதெல்லாம் திரும்பி வந்தது. நான்காம் நாள் அவர் காலமாகியிருக்கக்கூடும் என்று ஒரு ஊகம் வந்தது. ஐந்தாம் நாள் அவருக்கு இரங்கற்பா வந்துவிட்டது. வெண்பா. தளை தட்டவில்லை.

வாரக் கடைசியில் மீட்புக் குழு அமைந்தது. ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர், செயலாளர். செயலாளர் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் மூன்று நிகழ்ச்சிக் குறிப்புகள் எழுதினேன். இன்றைக்கும் அவை என்னிடம் உள்ளன. பக்கத்தின் ஒரு வரிகூட இல்லை. பக்கத்தை மீட்பது பற்றிய கூட்டத்தின் குறிப்பு முழுமையாக இருக்கிறது.

கேலி செய்ய எனக்கு மனமில்லாத கடிதங்கள் இரண்டு. லண்டன் ஜெயா எழுதினார்: "எங்கம்மா போன்ல சொல்லச் சொல்ல ரசப்பொடி அளவை நேரா அதுலதான் டைப் பண்ணினேன். வேற எங்கயும் எழுதி வைக்கல. போன ஆடியில அம்மா போயிட்டாங்க. யாராவது பிரிண்ட் எடுத்து வச்சிருந்தா அனுப்புங்க, ப்ளீஸ்." யாரிடமும் இல்லை. துபாய் காதர் ஒரு கட்டடக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஒரே அறையில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேருக்கும் கணினி கிடையாது. ஆபீசில் அச்செடுத்துக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை பிரியாணி வேகும்போது வாசித்துக் காட்டுவாராம். "இந்த வாரம் என்ன பாய் வந்திருக்குன்னு கேக்கறானுங்க சார். பழசையே திருப்பிப் படிச்சேன். தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாம கேட்டானுங்க."

நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மரகதம் வந்து பார்த்தாள்.

"ஒரு பக்கம் போனதுக்கா இப்படித் தலையில கை வச்சுக்கிட்டு இருக்கீங்க? குமரன் போனப்பகூட இப்படி இருக்கலயே."

"குமரன் விலாசம் நம்மகிட்ட இருக்கு," என்றேன்.

அப்போதுதான் அவளிடம் முழுதாகச் சொன்னேன். தொலைபேசிக் கம்பியைக் கணினியிலிருந்து கழற்றி, தொலைபேசியில் மாட்டி, என் கையில் கொடுத்தாள். "லெட்சுமிக்குச் சொல்லுங்க."

சொன்னேன். பக்கம் ரிப்பேரில் இருக்கிறது என்று சொன்னேன்.

6

எனக்குத் தெரிந்த வழியெல்லாம் எழுதினேன். கனடாப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுக்குப் பார்வை எண், பொருள், இணைப்புப் பட்டியல் எல்லாம் போட்டு மூன்று கடிதம். மூன்றாவதற்குப் பதில் வந்தது: படிப்பை முடித்துச் செல்லும் மாணவர்களின் கோப்புகள் அறிவிப்புக்குப் பின் தாமாகவே நீக்கப்படும், நீக்கியவற்றை மீட்கும் வசதி இல்லை, தங்கள் கவலை கவனத்தில் கொள்ளப்பட்டது. அப்பழுக்கற்ற கடிதம். நான் எழுதியிருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன்.

மெல்பர்னுக்குத் தொலைபேசி செய்து குமரனைக் கேட்டேன்.

"அப்பா, அது போயிடுச்சு லா. டெலீட்னா டெலீட்தான். ஏன் இவ்வளவு டென்ஷன்? யாரோட ஃபேமிலி?"

"மாணிக்கத்தோட ஃபேமிலி."

"ஹூ இஸ் மாணிக்கம்?"

விளக்க ஆரம்பித்தேன். பேரன் அழும் சத்தம் கேட்டது. "அப்புறம் பேசறேன்ப்பா" என்றான். நல்ல பிள்ளைதான். அடுத்த நாள் நான்கு வரிக் கடிதம் எழுதியிருந்தான். வழக்கத்தைவிட இரண்டு வரி அதிகம்.

மூன்று வாரம் கழித்து, வேறொரு முகவரியிலிருந்து ராகவன் எழுதினார். "சார், நான் உயிரோடுதான் இருக்கேன். இரங்கற்பா நல்லா இருந்துச்சு." வேலைக்கான நேர்காணல்களுக்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறார். கணக்கை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு, மூடப்போகிற அதே கணக்கின் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை. முதல் மூன்று நடைமேடைகளுக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்றை ஃபிளாப்பித் தட்டில் வைத்திருந்தார். ஜெயாவின் ரசப்பொடி அதில் கிடைத்தது.

"நான்காவது மட்டும் இல்லை சார்," என்று எழுதியிருந்தார். "நீங்க ஒன்பதாவது விதியில நகல் வைக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க. அதனால அதை மட்டும் விட்டுட்டேன். படிவம் எல்லாம் என் யூனிவர்சிட்டி மெயில்லதான் இருந்தது. அந்தப் பொண்ணோட படிவத்தைத் திறந்துகூடப் பாக்கலை. ஏழு நாள் இருக்கேன்னு நினைச்சேன். மன்னிச்சுடுங்க."

அவர் மன்னிப்புக் கேட்கிறார். பதினொரு விதிமுறைகளில் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த ஒன்றைத்தான்.

பெரம்பலூருக்குப் பக்கம் என்பதால் திருச்சி வட்டாரக் கல்லூரி முதல்வர்கள் பலருக்கு எழுதினேன். இரண்டு பேர் பதிலளித்தார்கள்: மாணவியின் தந்தை பெயர், பிரிவு, சேர்க்கை எண் தேவை. நியாயம்தான். அவள் திருச்சியில்தான் படிக்கிறாள் என்பதுகூட என் ஊகமே. முகவரியை நினைவுக்குக் கொண்டுவர என்னென்னவோ செய்தேன். இரண்டு முறை படித்தவன். சம்பளப் பதிவேட்டில் நூற்றுக்கணக்கான பெயர்களை மனத்தில் வைத்திருந்தவன். ஒரே ஒரு துண்டு நிற்கிறது: 'பால்வாடி எதிரில்'. தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் பால்வாடி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது இது மட்டுமல்ல. அடுத்த செவ்வாயன்று அந்தப் பெண் கம்ப்யூட்டர் அறைக்கு வந்திருப்பாள். பக்கம் இல்லை என்று பார்த்திருப்பாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பாள்? பெரியம்மா வீட்டிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே பதில், 'முகவரி நீக்கப்பட்டது' என்ற என் வரிதான்.

7

சென்ற ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பழைய ரயில் யார்டைத் தோண்டிப் புதிய நிலையம் கட்டும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன, அன்றைக்கும் வேலை. பாண்டான் இலையை மரகதத்திடம் கொடுத்துவிட்டு வழக்கமான இடத்தில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள். ஒவ்வொரு முறையும் கொண்டுவருவாள்; விலாசம் வந்தால் அடியில் உள்ள வெற்றிடத்தில் நான் எழுதிக்கொடுக்க வேண்டுமென்று.

நான் கணினியைப் போடவில்லை.

"கரெண்ட் இல்லியா ஐயா?"

"இருக்கு. உக்காரு லெட்சுமி."

அவள் என் வீட்டில் உட்கார்ந்ததில்லை. மரகதம் நாற்காலியை இழுத்துப் போட்டதும் நுனியில் உட்கார்ந்தாள்.

"அது ரிப்பேர் இல்ல. அந்தப் பக்கமே போயிடுச்சு. இனிமே வராது."

"போயிடுச்சுன்னா?"

"அழிஞ்சிடுச்சு. போன வருஷமே."

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப தங்கச்சி விலாசம்?"

"அது அதுக்கு முன்னாடியே அழிஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு எழுதித்தான் இருந்தா. நாலு வரி. நான்தான் அழிச்சேன். பொதுவுல போடக் கூடாதுன்னு ஒரு விதி. அதை எழுதினதும் நான்தான்."

மரகதம் சமையலறைக்குப் போகாமல் கதவருகே நின்றாள். லெட்சுமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"எழுதி வச்சுக்கலியா?"

"இல்ல."

"ஒரு சிகரெட்டு அட்டையிலகூடவா ஐயா?"

எழுபதில் நடந்ததையும் அன்றைக்கே சொல்லிவிட நினைத்தேன். ஒரு கணக்கில் இதைவிட அது பெரிய குற்றம். "இன்னொண்ணு இருக்கு. உங்கப்பா கப்பல் ஏறும்போது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எழுபத்தஞ்சுல எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு கேஎல் இமிகிரேசன் ஆபீசுக்குப் போயி, அப்பா போன விலாசம் என்னான்னு கேட்டேன். அந்தாளு ஃபைலை எடுத்துப் பாத்துட்டு, இந்தக் குடும்பத்துக்கு இங்க யாருமே இல்லன்னு எழுதியிருக்கே, நீ யாருன்னு கேட்டான். நான் எட்டிப் பாத்தேன். இங்கிலீசுல என்னமோ போட்டிருந்துச்சு. உங்க கையெழுத்து. முத்து முத்தா இருக்கும்ல, தெரியாமலா போவும்?"

இருபத்து நான்கு வருடம். பூக்கடையில் "கிராணி ஐயாதானே?" என்று கேட்டபோதும் அவளுக்குத் தெரியும். எட்டு மாதம் காத்திருந்தபோதும், ஏழு நாள் என்னா என்று சொன்னபோதும்.

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்தே?"

என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"வேற யாருக்கு ஐயா எழுதத் தெரியும் எங்கள்ல?"

மரகதம் காப்பி கொண்டுவந்தாள். லெட்சுமி குடித்தாள். டம்ளரை அவளே கழுவி வைத்தாள். போகும்போது தாளை உறைக்குள் போட்டு மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் வரட்டுமா?" என்று கேட்டாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"வா," என்றேன்.

8

இந்தப் பத்திரிகை ஊரில் பஸ் நிலையத்துக் கடைகளில் தொங்குகிறது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். முடிவெட்டும் கடைகளில் பழைய பிரதிகள் பல மாதம் கிடக்குமாம். அதனால் இதை இங்கே வைக்கிறேன்.

பெயர் மாரியாயி. இப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அப்பா மாணிக்கம். மகள் செல்வி, காலேஜில் படித்தவள். வீட்டுக்கு எதிரில் பால்வாடி. ரேஷன் கார்டு ஒரு பிஸ்கட் தகரத்தில் இருக்கும். மூடி ஒரு பக்கம் நெளிந்திருக்கும். அவர் அக்கா லெட்சுமி கிள்ளானில் நலமாக இருக்கிறார். அவர்களிடம் சொல்லுங்கள்: பதில் போடாமல் இருந்தது அக்கா அல்ல.

தெரிந்தவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும். படிவம் எதுவும் இல்லை. சான்று வேண்டாம். சரிபார்ப்பு இல்லை, ஏழு நாள் இல்லை. விலாசத்தை முழுதாக எழுதுங்கள். நாலு வரி என்றால் நாலு வரியும்.

வந்த அன்றைக்கே சிகரெட் அட்டை ஒன்றிலாவது முதலில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.